தோழர் ஓட்டமும் தோழமையும்

நெடுந்தூர ஓட்டத்தைத் தனிமனிதனின் மனவுறுதிக்கு உவமையாக எடுத்தாளுதல் எழுத்தாளரிடத்தும் மேடைப் பேச்சாளரிடத்தும் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். ஒருவன், அவன் முன்னே ஒரு பாதை, அவன் நெஞ்சிலே ஓர் உறுதி. இம் மூன்றும் இருந்தாற் போதும், எஞ்சியவை தாமே வந்து சேரும் என்பது அவ்வழக்கின் உட்பொருள். தனியுடைமைச் சமுதாயம் தனது சித்தாந்தத்தை விளையாட்டுத் துறையிலும் நாட்டிவைத்த வகை இது. உண்மை வேறு. நாட்கூலியையோ மாதச் சம்பளத்தையோ நம்பி வாழும் ஒருவன் எண்பது தொண்ணூறு கிலோமீற்றர் தூரத்தை ஒரே பகற்பொழுதில் ஓடிக் கடப்பதற்குத் தன் கால்களை மாத்திரம் நம்பிப் புறப்படுவதில்லை. வேலைக்குப் போகுமுன் வைகறையில் உடன் ஓடிப் பழகும் நண்பர், தம் நிறத்தை அவனுக்கு அணிவிக்கும் கழகத்தார், வழியிலே தண்ணீர் நீட்டும் முன்பின் அறியாதவர், கால் தளர்ந்தபோது தோள் கொடுப்பவர் ஆகிய யாவரும் சேர்ந்தே அவனை எல்லைக்கோட்டிற் கொண்டு சேர்க்கின்றனர்.

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் அது இனியதொரு நீதிக்கதையாக முடிந்துவிடும். வரலாற்றை நாடுவோர் மேலும் ஒரு வினாவை எழுப்புதல் வேண்டும். அக் கழகத்திலே சேரத் தகுந்தவர் யார்? தோழர் என்று அழைக்கப்படுபவர் யார், அழைக்கப்படாதவர் யார்? தென்னாபிரிக்காவின் நேட்டால் பகுதியிலே, பீற்றர்மரிற்ஸ்பேர்க் நகருக்கும் டேர்பன் துறைமுகத்துக்கும் இடையில் 1921ஆம் ஆண்டு தொடக்கம் நடைபெற்றுவரும் ஓர் ஓட்டத்தின் வரலாறு இவ்வினாவுக்கு விடை காண நமக்குப் பெரிதும் உதவுகின்றது. அவ்வோட்டத்தின் பெயரே 'கொம்றேட்ஸ்' என்பதாகும். தமிழில் கூறின், தோழர் ஓட்டம்.

அதனை நோக்குமுன், ஆசையினால் விளையாடுபவரைக் குறிக்கும் 'அமெச்சூர்' என்னும் சொல்லின் பிறப்பையும் அறிந்துகொள்ளுதல் நன்று. ஊதியத்துக்காகவன்றி விருப்பத்துக்காக ஈடுபடுபவர் என்பதே அதற்கு இன்று நாம் கொள்ளும் பொருள். ஆனால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே அச்சொல் ஒரு வேலியாகவே நடப்பட்டது. கைகளால் உழைத்துப் பிழைப்போர் அமெச்சூர் ஆகார் என்பது கனவான்களின் கழகங்கள் வகுத்த விதி. கைவினைஞனும் கூலியாளும், பரிசுப் பணத்துக்கு ஓடியிராவிடினும், பிறவியாலும் தொழிலாலும் விலக்கப்பட்டனர். 1880இல் இங்கிலாந்தின் அமெச்சூர் தடகளச் சங்கம் தோன்றியபோது அவ்விதி ஓட்டத்துறையிலே கைவிடப்பட்டது. படகோட்டத்திலே அது மேலும் பல ஆண்டுகள் நீடித்தது. விதி மறைந்தபின்னும் அதன் மனப்பான்மை மறையவில்லை என்பதை நாம் பின்னர்க் காண்போம்.

தோழர் ஓட்டத்தைத் தொடக்கிவைத்தவர் கனவான் அல்லர். புகையிரத எஞ்சின் சாரதி. இலண்டனிற் பிறந்து தென்னாபிரிக்காவிற் குடியேறிய விக் கிளப்பம் என்பவர் முதலாம் உலகப் போரிலே காலாட்படை வீரராகச் சேர்ந்து, கிழக்காபிரிக்காவின் காடுகளையும் சமவெளிகளையும் ஊடறுத்து ஏறக்குறைய 2700 கிலோமீற்றர் தூரம் நடந்தவர். உடன் நடந்தோர் பலர் காய்ச்சலுக்கும் களைப்புக்கும் குண்டுக்கும் இரையாயினர். போர் முடிந்ததும், மாண்ட தோழர்களுக்குக் கல்லிலே சின்னம் எழுப்புவதினும் அவர்கள் பட்ட துன்பத்தை உடலாற் பட்டு நினைவுகூர்தலே தகும் என்று அவர் கருதினார். போர்த் தோழர் சங்கத்திடம் 1918 முதல் மூன்று ஆண்டுகள் அனுமதி கேட்டார்; மூன்று முறையும் மறுக்கப்பட்டார். பயிற்சி பெறாத சாதாரண மனிதரால் 56 மைல் ஓடமுடியாது என்பது சங்கத்தாரின் எண்ணம். போர்க்களத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டபோது அதே சாதாரண மனிதர் நூற்றுக்கணக்கான மைல் நடந்தனர் என்பது கிளப்பத்தின் மறுமொழி. ஈற்றில், 1921இல் அனுமதியும், செலவுக்கெனத் திருப்பிச் செலுத்தவேண்டிய ஒரு பவுண் பணமும் கிடைத்தன. அவ்வாண்டு மே 24ஆம் நாள், பேரரசு நாளன்று, 34 பேர் பீற்றர்மரிற்ஸ்பேர்க்கிலிருந்து புறப்பட்டனர். 16 பேர் டேர்பனை அடைந்தனர். முதலாவதாக வந்த பில் றோவன் ஏறக்குறைய ஒன்பது மணித்தியாலங்கள் ஓடினார்.

தொழிலாளி ஒருவர் தம் தோழர்களுக்காகத் தோற்றுவித்த இந்நிகழ்ச்சியின் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும், அப் போரிலே உயிர் நீத்த தோழர் யாவரும் அங்கே நினைக்கப்பட்டனரா? கிழக்காபிரிக்கப் போரிலே பீரங்கிகளையும் உணவு மூடைகளையும் தலையிற் சுமந்து சென்ற ஆபிரிக்கச் சுமையாளர் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். 1917 பெப்ரவரி 21இல் 'மெண்டி' என்னும் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் மூழ்கியபோது, போர்க்களத் தொழிலுக்கெனக் கொண்டு செல்லப்பட்ட கறுப்புத் தென்னாபிரிக்கர் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுடைய உடன்பிறந்தாருக்கும் பிள்ளைகளுக்கும் தோழர் ஓட்டத்திலே இடமில்லை. ஓட்டம் வெள்ளை ஆடவர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. மரணத்திலே பங்குகொண்டோர் நினைவிலே பங்குபெறவில்லை.

பாதையின் இரு முனைகளும் நமக்கு முற்றிலும் அந்நியமானவையல்ல. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து வந்த 'ட்றூறோ' என்னும் கப்பல் முதலாவது ஒப்பந்தக் கூலிகளை இறக்கியது டேர்பன் துறையிலேதான். கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவர்களுள் தமிழர் பலர். 1893இல் வெள்ளையருக்குரிய வகுப்பிற் பயணம் செய்தாரென்று காந்தியடிகள் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டது பீற்றர்மரிற்ஸ்பேர்க் நிலையத்திலே. இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஓடியவர் பட்டியலில் அக் கூலிகளின் வழித்தோன்றல்களும் அரை நூற்றாண்டு காலம் இடம்பெற முடியாதிருந்தனர்.

முதற் பதினாண்டுகளின் பெருவீரராகப் போற்றப்படும் ஆதர் நியூட்டனின் கதையிலும் இம்முரண்பாடு தெளிவாகத் தெரிகின்றது. 1922 முதல் 1927 வரை ஐந்து தடவை முதலிடம் பெற்ற இவர், முப்பத்தொன்பதாம் வயதிலே ஓடத் தொடங்கியவர். ஏன் ஓடினார்? தமது பண்ணையைச் சூழ்ந்த நிலத்தை அரசாங்கம் ஆபிரிக்கருக்கென ஒதுக்கியதால் தாம் நட்டமடைந்ததாகவும், தமக்கு நீதி கிடைக்கவில்லை எனவும் முறையிட்டவர் அவர். ஓட்டத்திலே புகழ் பெற்றால் தம் முறையீடு நாட்டாரின் செவிக்கு எட்டும் என்பது அவர் கணக்கு. முறையிட்டவர் வெள்ளையராதலின் ஓடுவதற்கு அவருக்கு ஒரு பாதையேனும் இருந்தது. நிலமிழந்த இலட்சக்கணக்கான ஆபிரிக்கர் தம் முறையீட்டைச் சொல்லுதற்கு அப் பாதையில் இறங்கவே இயலாதிருந்தனர்.

ஆயின், வேலி எழுப்பப்பட்ட நாளிலிருந்தே அதைத் தாண்டியோரும் இருந்தனர். 1923இல் டேர்பனைச் சேர்ந்த தட்டெழுத்தாளரான பிரான்சிஸ் ஹேவேட் என்னும் பெண்மணி விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுக்கப்பட்டார். மறுப்பைப் பொருட்படுத்தாது, இலக்கமின்றியே ஓடி, 11 மணித்தியாலம் 35 நிமிடத்தில் எல்லையை அடைந்தார். அமைப்பாளர் அவருக்குப் பதக்கம் அளிக்கவில்லை. ஆனால், உடன் ஓடியோரும் பார்த்து நின்றோரும் தம்முட் பணம் சேர்த்து வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களை அவருக்குப் பரிசளித்தனர். இச்சிறு நிகழ்ச்சியை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். விதி அவரை அந்நியர் என்றது. வழியெல்லாம் அவரோடு வியர்வை சிந்தியோர் அவரைத் தம்மவர் என்றனர். 1930களின் தொடக்கத்திலே ஜெறல்டீன் வற்சன் என்னும் ஆசிரியை இவ்வாறே அழைப்பின்றி மூன்று முறை ஓடினார். 1935இல் றொபேட் ம்ட்ஷாலி என்னும் ஆபிரிக்கர் 9 மணித்தியாலம் 30 நிமிடத்தில் ஓடி முடித்தார். இவ்வோட்டத்தை முடித்தவராக நாம் அறியும் முதலாவது கறுப்பர் அவரே. அவ்வாண்டின் முறையான பட்டியலிலே அவருக்கு இடமில்லை.

நிறத்தாலும் பாலாலும் ஒதுக்கப்பட்டோர் இவர்கள். வர்க்கத்தால் ஒதுக்கப்பட்ட ஒருவரும் கடல் கடந்து இதே பாதைக்கு வந்து சேர்ந்தார். ஜோன் டறன்ற் என்னும் ஆங்கிலேயத் தொழிலாளி, பிள்ளைப் பருவத்தைப் போர்க்காலத்துச் சிறுவர் இல்லத்திலே கழித்தவர். பதின்ம வயதிலே குத்துச்சண்டையில் ஈடுபட்டு மொத்தம் 17 பவுண் பெற்றிருந்தார். பின்னர் ஓட்டத்தில் ஆர்வங்கொண்டு தடகளச் சங்கத்திலே சேர விண்ணப்பித்தபோது அவ்வுண்மையை மறையாது எழுதினார். அந்நேர்மைக்குக் கிடைத்த பரிசு தடை. 1956இல் லிவர்பூல் மரதன் ஓட்டத்திலே இலக்கமின்றிப் புகுந்து ஓடினார். பத்திரிகைகள் அவருக்கு 'ஆவி ஓட்டக்காரர்' என்று பெயர் சூட்டின. அவருடைய தம்பி விக்டர் மோட்டார் சைக்கிளில் அவரை ஓட்டம் தொடங்கும் இடத்துக்கு ஏற்றிச் செல்வார். மேலங்கியால் மறைத்து நிறுத்துவார். துப்பாக்கி வெடித்ததும் மேலங்கியைக் களைந்துவிட்டு அவர் கூட்டத்திலே கலந்துவிடுவார். அமைப்பாளர் விரட்டினர், வழிநெடுக மக்கள் கைதட்டினர். 1958இல் உள்நாட்டுத் தடை நீங்க, சல்போட் ஹரியேஸ் என்னும் தொழிலாளர் நகரக் கழகத்தின் உடையணிந்து ஓடினார். நாட்டின் பெயரால் ஓடும் உரிமையோ சாகும்வரை கிட்டவில்லை. 40 மைல், 100 மைல் ஓட்டங்களிலே உலக சாதனை நிலைநாட்டியவருக்கு நேர்ந்த கதி இது.

1968இல் டறன்ற் தென்னாபிரிக்காவுக்குச் சென்று, அங்கும் இலக்கமின்றியே தோழர் ஓட்டத்தில் ஓடினார். பின்னர், கறுப்பரும் இந்தியரும் ஓடிய ஐம்பது மைல் ஓட்டமொன்றிலே வெள்ளையராகத் தாம் ஒருவரே கலந்துகொண்டார். அதிகார சபைகளாற் கைவிடப்பட்ட மனிதர், அந்நாட்டின் சட்டத்தாற் கைவிடப்பட்ட மனிதரிடையே தமக்குரிய இடத்தைக் கண்டார் எனின் அது மிகையாகாது. 1975 சனவரியில், 42ஆம் வயதில், புற்றுநோயால் அவர் இறந்தார்.

அதே 1975இல் தோழர் ஓட்டத்தின் கதவு திறக்கப்பட்டது. ஐம்பதாவது ஓட்டமாகிய அதிலே கறுப்பரும் பெண்களும் முதன்முறையாக முறைப்படி இடம்பெற்றனர். லெசோத்தோவைச் சேர்ந்த வின்சன்ற் றக்கபைல் இருபதாவதாக வந்து பதக்கம் பெற்றார். இதனை ஆட்சியாளரின் மனமாற்றம் என்று கொள்வார் உளர். வரலாற்றுச் சூழலை ஆராயுமிடத்து அம்முடிபு நிலைபெறாது. 1948இல் ஆட்சியேறிய தேசியக் கட்சி இன ஒதுக்கலைச் சட்டமாக்கி, 1956இல் வெள்ளையரும் கறுப்பரும் கலந்து விளையாடலாகாது என்று வெளிப்படையாக அறிவித்தது. அதன் விளைவாக 1964ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலிருந்து தென்னாபிரிக்கா விலக்கப்பட்டது. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. உலகின் புறக்கணிப்பு நெருக்கியபோது, முகத்தைச் சிறிது மாற்றிக் காட்டவேண்டிய தேவை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. கதவைத் திறந்தது கருணையன்று, போராட்டம்.

இங்கேதான் கடினமான வினா எழுகின்றது. திறந்த கதவினுள் நுழைதல் தகுமா? 1973இல் நிறுவப்பட்ட சாக்கோஸ் என்னும் தென்னாபிரிக்க விளையாட்டு மன்றம் தகாது என்றது. முறைகெட்ட சமுதாயத்திலே முறையான விளையாட்டு இருக்க முடியாது என்பது அதன் முழக்கம். காலையிலே வெள்ளையரோடு தோளுரசி ஓடியவன், மாலையிலே கடவுப்புத்தகத்தைக் காட்டித் தன் சேரிக்குத் திரும்பவேண்டும், வாக்குரிமை அவனுக்கில்லை, வாழிடத்தைத் தெரிவுசெய்யும் உரிமையுமில்லை. அவ்வாறாயின் அப் பகற்பொழுதின் தோழமை ஏமாற்றன்றி வேறென்ன? இவ்வாதத்தின் வலிமையை எவரும் மறுத்தல் இயலாது. மறுபுறத்தில், சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்துக்கொண்டே ஓடிப் பழகிய கறுப்பர் பலர், நாட்டின் மிகப் பெரிய ஓட்டத்திலே தாம் எவர்க்கும் குறைந்தவரல்லர் என்று காட்டும் வாய்ப்பை விட்டுவிட மனங்கொள்ளவில்லை. இருசாராரும் ஒரே அவமானத்துக்கு எதிராகவே நின்றனர். எங்கள் கருத்திலே, புறக்கணித்தவர்கள் அமைப்பின் பொய்யை உலகுக்கு உணர்த்தினர். ஓடியவர்கள் இனத்தாழ்வு என்னும் பொய்யை அருகிருந்தோருக்கு உணர்த்தினர். முன்னையது இல்லாதிருந்தால் பின்னையது ஆட்சியாளரின் அலங்காரமாகவே முடிந்திருக்கும்.

1981இல் இவ்வினா வெள்ளையரிடையேயும் வெடித்தது. குடியரசின் இருபதாம் ஆண்டு விழாவின் அங்கமாக அவ்வாண்டின் ஓட்டம் ஆக்கப்பட்டது. அதற்கு எதிர்ப்பாக, ஜோஹனஸ்பேர்க்கின் விற்வாட்டர்ஸ்றான்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புறூஸ் போர்டைசும் வேறு சிலரும் கையிலே கறுப்புப் பட்டி அணிந்து ஓடினர். பார்வையாளருட் சிலர் ஏசினர்; தக்காளிப்பழங்களை வீசினர். கறுப்புப் பட்டியோடு போர்டைஸ் முதலிடம் பெற்றார். இவ்வோட்டத்திலே அவர் பின்னர் பெற்ற வெற்றிகள் யாவினும் அப் பட்டியே பெரிதென நாம் மதிக்கின்றோம். 1989இல் சாம் சபலாலா முதலிடம் பெற்ற முதலாவது கறுப்பரானார். நெல்சன் மண்டேலா அப்பொழுதும் சிறையிலேயே இருந்தார்.

முதல்வரின் பெயர்களை மட்டும் அடுக்கிச் செல்வது வரலாற்றைப் பாதியாக்கிவிடும். தோழமையின் மெய்யான உருவத்தைக் காணவேண்டுமாயின், பின்னே வருவோரை நோக்குதல் வேண்டும். முற்காலத்திலே ஓடுபவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் துணையாள் ஒருவரைச் சைக்கிளிலோ மோட்டார் வாகனத்திலோ கூட்டிவந்தனர். வாகனமுள்ளவர்க்கு வசதி; இல்லாதவர்க்கு வழிப்போக்கரின் இரக்கம். ஓடுவோர் தொகை பெருகியபின் தனியார் வாகனங்கள் விலக்கப்பட்டு, யாவர்க்கும் பொதுவான தண்ணீர்ப்பந்தல்கள் வழியெங்கும் எழுந்தன. பல்லாயிரவர் ஓடும் இந்நாளில் ஊரவரும் கழகத்தாரும் அவற்றிலே நின்று பணிசெய்கின்றனர். தனியொருவனின் உடைமையாயிருந்த துணை பொதுவுடைமையாயிற்று என்று இதனைச் சொல்லுதல் பொருந்தும்.

அன்றியும், அங்கே 'பஸ்' என வழங்கும் ஒரு வழக்கமுண்டு. அனுபவம் வாய்ந்த ஒருவர் 'சாரதி' ஆகிறார். காலவரையறைக்குள் எல்லையை அடைவதற்கேற்ற வேகத்தை அவர் கணக்கிட்டு வைத்திருப்பார். எங்கே ஓடவேண்டும், எந்த ஏற்றத்திலே நடக்கவேண்டும் என்று அவர் குரல் கொடுக்க, பெயர் ஊர் அறியாதோர் நூற்றுக்கணக்கில் அவர்பின் திரண்டு பாடிக்கொண்டே செல்வர். தனியே ஓடினால் முன்னதாகவே முடிக்க வல்ல சாரதி, பலரைக் கொண்டு சேர்ப்பதற்காகத் தம் வேகத்தை அடக்கிக்கொள்கிறார். ஓட்டம் தொடங்குமுன் எல்லோரும் சேர்ந்து பாடும் 'சோசலோசா' என்னும் பாட்டும், சுரங்க வேலைக்காகப் புகையிரதத்திலே அயல்நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்புத் தொழிலாளரின் பாட்டேயாகும். புகையிரதச் சாரதி தொடக்கிய ஓட்டத்திலே, அப் புகையிரதத்தில் ஏற்றப்பட்டோரின் குரல் ஓங்கி ஒலிப்பதற்கு எத்தனை ஆண்டுகள் சென்றன!

2003 முதல் பன்னிரண்டு மணித்தியாலம் என்பது நிலையான எல்லை. அக்கணத்திலே துப்பாக்கி வெடிக்கும். ஓரடி பிந்தியவரும் முடித்தவராகக் கணிக்கப்படார். இவ்விதியின் கடுமைக்கு முன்னே, நிற்க இயலாத ஒருவரை அதுவரை அறிமுகமில்லாத இருவர் தாங்கிக்கொண்டு வரும் காட்சி ஆண்டுதோறும் காணப்படுகின்றது. தாங்குபவர் தம் நேரத்தை இழக்கின்றனர். சிலவேளை தம் பதக்கத்தையே இழக்கத் துணிகின்றனர். போட்டியே மனித இயல்பு என்று போதிப்போர் இக்காட்சிக்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டுள்ளனர்.

ஓட்டம் நிகழ்ந்த நாள்களும் தம் கதையைக் கூறுகின்றன. பேரரசு நாளிலே தொடங்கியது. பின்னர் வெள்ளையர் குடியரசின் நாளாகிய மே 31க்கு மாறியது. இன ஒதுக்கல் ஆட்சி வீழ்ந்தபின், 1995இல், சொவெற்றோ மாணவர் 1976இலே குருதி சிந்திய ஜூன் 16க்கு மாற்றப்பட்டது. அண்மைக் காலத்தில் வேறு நாள்களிலும் நடைபெறுகின்றது. 2019இல், ஒன்பது மணித்தியாலத்துக்கும் பத்து மணித்தியாலத்துக்கும் இடையில் ஓடி முடிப்போருக்கென ஒரு புதிய பதக்கம் ஏற்படுத்தப்பட்டது. அதன் பெயர் றொபேட் ம்ட்ஷாலி பதக்கம். பட்டியலில் இடம்பெறாதவரின் பெயர் எண்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் ஆயிரக்கணக்கானோரின் கழுத்திலே தொங்குகின்றது.

பதக்கம் நீதியாகிவிடாது என்பதை நாம் அறிவோம். நிலமும் கூலியும் இன்னும் சமமாகப் பங்கிடப்படாத நாட்டிலே பெயர்சூட்டுதல் எளிய காரியம். எனினும், இவ் வரலாறு நமக்கு ஒன்றைத் தெளிவாக உணர்த்துகின்றது. எந்தக் கழகத்துக்கும் எந்தச் சமுதாயத்துக்கும் உரியவராதல் என்பது மேலிருந்து வழங்கப்படும் அனுமதிச் சீட்டன்று. அழைப்பின்றி இறங்கி ஓடியவரும், அவருக்கு அஞ்சாது தண்ணீர் கொடுத்தவரும் சேர்ந்தே அதனை ஆக்கினர். சட்டம் பின்னர் வந்து கையொப்பமிட்டது. கிளப்பம் தம் ஓட்டத்துக்குத் 'தோழர்' என்று பெயரிட்டபோது அச்சொல்லின் பொருள் சிறிதாயிருந்தது. இலக்கமின்றி ஓடியோரே அதனைப் பெரிதாக்கினர்.